பெரிய வீட்டு ரகசியம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில், வரலாற்றுத் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"ஆஸ்திரேலியாவைப் பற்றி ஏதாவது பேசுங்க சார்" என்று நம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். கூடவே, "இருபது நிமிஷத்துக்கு மேல போயிடாதீங்க, சாப்பாடு ஆறிடும்" என்றும் எச்சரித்தார். கங்காருவையும் கிரிக்கெட்டையும் பற்றி என்னைவிட நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள். எனவே நான் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அது கற்பனைக் குடும்பம். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் சரித்திரம் கற்பனை அல்ல.

1979இல் இந்தக் கல்லூரியை விட்டேன். 1988இல் பிழைப்புக்காக சிட்னி போனேன். கணக்கு எழுதும் வேலை. ஆஸ்திரேலிய சரித்திரம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் உட்கார்ந்து படிக்கக் காரணமே ஒரு டெலிவிஷன் தொடர்தான். சிரிக்காதீர்கள். வரலாற்றுத் துறையில் படித்தவன் சீரியல் பார்த்துச் சரித்திரம் கற்றான் என்றால் எங்கள் பேராசிரியர் மேலுலகத்திலிருந்து பிரம்போடு வருவார்.

தொடரின் பெயர் 'எ பிளேஸ் டு கால் ஹோம்'. 'நம் வீடு என்று சொல்ல ஓர் இடம்' என்று வைத்துக்கொள்ளலாம். பெவன் லீ என்பவர் உருவாக்கியது. 2013 ஏப்ரலில் செவன் தொலைக்காட்சியில் தொடங்கி, இரண்டு சீசனோடு நிறுத்தப்பட்டு, ரசிகர்கள் விட்ட கூப்பாட்டில் ஃபாக்ஸ்டெல் எடுத்து நடத்தி, 2018இல் ஆறு சீசன், 67 பகுதிகளோடு முடிந்தது. கதை நடப்பது 1953 முதல். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இன்வெர்னெஸ் என்ற ஊர். இது கற்பனை ஊர். அங்கே ஆஷ் பார்க் என்ற மாளிகை. அதில் பிளை என்ற பணக்காரக் குடும்பம். வீட்டுக்குத் தலைவி எலிசபெத் பிளை என்ற விதவைத் தாய். நம் ஊர்ப் பண்ணை வீட்டு ஆச்சி ஒருத்தியை முத்து மாலையும் கையுறையும் போட்டுக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அவர்தான் எலிசபெத்.

இந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? கம்பளியிலிருந்து. ஆட்டின் முதுகில் சவாரி செய்கிற நாடு என்று ஆஸ்திரேலியாவைச் சொல்வார்கள். 1950இல் கொரியப் போர் மூண்டது. குளிர்ப் பிரதேசத்தில் சண்டை, ராணுவத்துக்குக் கம்பளி உடை வேண்டும். அமெரிக்கா வாங்கிக் குவிக்கத் தொடங்கியதும் விலை எகிறியது. ஒரு ராத்தல் கம்பளிக்கு ஒரு பவுண்டு பணம் என்று ஊரே பேசும் அளவுக்கு 1951இல் விலை போனது. ஆட்டுப் பண்ணையை அங்கே 'ஸ்டேஷன்' என்பார்கள். ஸ்டேஷன் வைத்திருந்தவர் வீட்டில் புதுக் காரும், லண்டன் பயணமும், பியானோவும் வந்தன. அந்த வீடுகள் தங்களை இங்கிலாந்துப் பிரபுக்களின் வாரிசாகவே நினைத்துக்கொண்டன. 1954இல் எலிசபெத் மகாராணி வந்தபோது கைகுலுக்க வரிசையில் இடம் பிடிக்க எத்தனையோ சிபாரிசு நடந்தது.

இப்போது ஆஷ் பார்க் வீட்டு ரகசியங்களுக்கு வருகிறேன். மூன்றை மட்டும் சொல்கிறேன். பெரிய வீடு, ரகசியத்துக்குப் பஞ்சமில்லை.

முதல் ரகசியம், பேரன் ஜேம்ஸ். கல்யாணமானவன். ஆனால் அவன் மனம் ஆண்களை நாடுகிறது. கப்பலில் ஊர் திரும்பும்போது கடலில் குதித்துச் சாகப் போகிறான். அதைத் தடுத்துக் காப்பாற்றுகிறாள் சாரா என்ற நர்ஸ். பாட்டிக்குப் பேரன் பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் இந்த நர்ஸுக்கு விஷயம் தெரிந்துவிட்டதே என்ற பயம் அதைவிடப் பெரிது. பிற்பாடு அந்தப் பையனை 'குணப்படுத்த' ஆஸ்பத்திரியில் சேர்த்து மின்சார அதிர்ச்சி கொடுக்கிறார்கள். சினிமாவுக்காகச் சேர்த்தது என்று நினைக்காதீர்கள். அப்படிப்பட்ட 'சிகிச்சைகள்' நிஜமாகவே நடந்தன. நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தில் அந்த உறவுக்கு 14 ஆண்டு வரை சிறை இருந்தது. அந்தச் சட்டம் போனது 1984இல். டாஸ்மேனியா மாநிலத்தில் 1997 வரை இருந்தது.

இரண்டாவது ரகசியம், பேத்தி அன்னா. அவள் வீட்டு மகன் ஜார்ஜின் பெண்ணாக வளர்கிறாள். உண்மையில் அவள் ஜார்ஜின் தங்கை கரோலின் கல்யாணத்துக்கு முன் பெற்ற பிள்ளை. பெற்றவள் அத்தையாகவே வந்து போகிறாள். அன்னா காதலிப்பது ஜீனோ என்ற இத்தாலியப் பையனை. பக்கத்துத் தோட்டக்காரன், கத்தோலிக்கன். இவர்களோ புராட்டஸ்டன்ட். வெள்ளைக்காரர்களுக்குள் என்ன ஜாதி என்று கேட்பீர்கள். இருந்தது ஐயா. நன்றாகவே இருந்தது.

மூன்றாவது, சாரா. அவள் யூத மதத்துக்கு மாறியவள். பிரான்சில் யூதரை மணந்து, ரேவன்ஸ்புரூக் வதைமுகாமில் கிடந்து உயிர் மீண்டவள். ஜார்ஜ் அவளை விரும்புகிறார். இன்வெர்னெஸ் ஊருக்கு ஹிட்லர் தோற்றது தெரியும். ஆனால் தன் மாதா கோயிலுக்கு வராத ஒருத்தி பெரிய வீட்டு மருமகளாவதை அது ஏற்கத் தயாரில்லை.

இந்த மூன்றையும் அந்தக் காலத்து நாட்டு நிலவரத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். 1901இல் ஆஸ்திரேலியா ஒரே நாடாகச் சேர்ந்தது. சேர்ந்த அதே ஆண்டு போட்ட ஆரம்பச் சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். கறுப்பன் வராதே என்று அதில் எழுதவில்லை. வருகிறவனுக்கு ஓர் எழுத்துப் பரீட்சை, அதுவும் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில், அதிகாரி இஷ்டப்பட்ட மொழியில். பிடிக்காதவனுக்குத் தெரியாத மொழியைப் போட்டால் ஆச்சு. 1934இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளருக்குப் பல மொழி தெரிந்திருந்ததால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள்! இந்தக் கூத்து 1958 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

உலகப் போரில் ஜப்பான்காரன் டார்வின் நகரத்தில் குண்டு போட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. ஆள் இல்லாத நாடு, ஜனத்தைப் பெருக்காவிட்டால் பிழைக்காது என்றார் முதல் குடியேற்ற அமைச்சர் ஆர்தர் கால்வெல். பிரிட்டிஷ்காரர் போதவில்லை என்று ஐரோப்பிய அகதிகளை அழைத்தார்கள். சுமார் 1,70,000 பேர் வந்தார்கள். இரண்டு வருஷம் அரசாங்கம் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் டாக்டருக்குப் படித்தவரும் மண் வெட்டினார். யூத அகதிகள் ஒரு கப்பலில் கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். இத்தாலியில் பிறந்தவர்கள் 1947 கணக்கில் சுமார் 33,000 பேர். 1961இல் சுமார் 2,28,000 பேர். ஆக, ஜீனோ குடும்பத்தைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர் வந்தார்கள். உழைப்பு வேண்டும், சம்பந்தம் வேண்டாம். இந்த வாக்கியம் நம் காதுக்குப் புதிதா?

அடுத்து அரசியல். தொடரின் பிந்தைய சீசன்களில் ஜார்ஜ் அரசியலில் காலை வைக்கிறார். சர் ரிச்சர்ட் பென்னெட் என்ற செல்வாக்கான மனிதர் எதிரியாகிறார். எதிரிக்கு ஜார்ஜின் கொள்கையைப் பற்றிக் கவலை இல்லை. அவர் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதே கவலை. மனைவி யூதப் பெண். பையன் 'அப்படி'. அதுவே போதுமான ஆயுதம்.

நிஜ நாட்டிலும் 1954 அப்படித்தான் இருந்தது. பிரதமர் ராபர்ட் மென்சிஸ். 1950இல் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்யச் சட்டம் கொண்டுவந்தார். 1951 மார்ச்சில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. செப்டம்பரில் மக்களிடமே வாக்கெடுப்புக்குப் போனார். மக்கள் மிகச் சிறிய வித்தியாசத்தில் வேண்டாம் என்றார்கள். சட்டத்தால் முடியாததைச் சந்தேகம் செய்தது. 1954 ஏப்ரலில் விளாடிமிர் பெட்ரோவ் என்ற சோவியத் தூதரக அதிகாரி, உளவாளி, ஆஸ்திரேலியாவிடம் அடைக்கலம் புகுந்தார். அவர் மனைவியைச் சோவியத் காவலர்கள் இரு பக்கமும் கையைப் பிடித்து சிட்னி விமானத்துக்கு இழுத்துப் போகும் புகைப்படம் இன்றைக்கும் புகழ் பெற்றது. அடுத்த மாதமே தேர்தல். தொழிற்கட்சிக்குப் பாதிக்குச் சற்று மேல் ஓட்டு விழுந்தும் ஆட்சி கிடைக்கவில்லை. தலைவர் எவாட் தன் கட்சிக்குள்ளேயே இருந்த கத்தோலிக்க, கம்யூனிச எதிர்ப்பு அணியைப் பகிரங்கமாகச் சாடினார். 1955இல் கட்சி பிளந்தது. 1972 வரை அது மத்திய ஆட்சிக்கு வரவில்லை. உன் கொள்கை என்ன என்று கேட்பதற்கு முன்னால், நீ எந்தக் கோயிலுக்குப் போகிறவன், யாரோடு பழகுகிறவன் என்று கேட்ட காலம் அது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள் தம்பிகளே. ரகசியத்தைக் குடும்பம் காப்பாற்றுகிறது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அதற்கு விலை வைப்பது ஊர். ஊருக்கு வெறுப்பு இருக்கிற வரைதான் எதிரிக்கு அது ஆயுதம். வெறுப்பு போய்விட்டால் அது வெறும் செய்தி. "அவர் மருமகள் யூதப் பெண்ணாம்." "அப்படியா, காபி சாப்பிடறீங்களா?" அவ்வளவுதான். 2017இல் ஒருபால் திருமணம் வேண்டுமா என்று ஆஸ்திரேலியா முழுவதும் தபாலில் கேட்டார்கள். 61.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். அந்த டிசம்பரிலேயே சட்டமானது. ஜேம்ஸ் பிளையின் ரகசியத்தை வைத்து இன்றைக்கு ஒரு சர் ரிச்சர்ட் அவன் தகப்பனை அவ்வளவு சுலபமாகப் பயமுறுத்த முடியாது.

ஆனால் அந்த வீட்டில் வேறொரு ரகசியமும் இருக்கிறது. அது வீடு நிற்கும் மண். ஆஷ் பார்க் என்று நமக்குக் காட்டும் மாளிகை நிஜத்தில் கேம்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் 'கேமலாட்' என்ற பழைய வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். கேம்டன்தான் ஆஸ்திரேலியக் கம்பளிக்குப் பிறந்த வீடு மாதிரி. ஜான் மக்கார்தர் 1805இல் அங்கே 5,000 ஏக்கர் பெற்று மெரினோ ஆடு வளர்த்தார். யாரிடமிருந்து பெற்றார்? லண்டனிலிருந்து வந்த உத்தரவின்பேரில் பெற்றார். அங்கே இருந்த தாராவல் மக்களை யாரும் கேட்கவில்லை. 1816 ஏப்ரலில், அங்கிருந்து அதிக தூரமில்லாத ஆப்பினில், கவர்னர் மக்குவாரி அனுப்பிய சிப்பாய்கள் இரவு நேரத்தில் அந்த மக்களைச் சுற்றி வளைத்தார்கள். ஆண், பெண், குழந்தைகள் என்று குறைந்தது 14 பேர் இறந்தார்கள். சிலர் பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து விழுந்து செத்தார்கள்.

1950களில் எந்தப் பெரிய வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் இதைப் பற்றிப் பேச்சு கிடையாது. பூர்வகுடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்துப் போவதும் அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. 1965இல் சார்லஸ் பெர்கின்ஸ் என்ற பூர்வகுடி மாணவர் சிட்னி பல்கலைக்கழக மாணவர்களோடு பஸ் ஏறி ஊர் ஊராகப் போனார். மோரி ஊர் நீச்சல் குளத்தில் கறுப்புக் குழந்தைகளை விடாததையும், வால்கெட்டில் நாட்டுக்காகப் போரிட்ட கறுப்புச் சிப்பாயைப் பழைய ராணுவத்தார் கிளப்பில் சேர்க்காததையும் வெளியே கொண்டுவந்தார். மாணவர்கள்! உங்கள் வயதுதான். 1968இல் வானொலி உரையில் ஸ்டானர் என்ற மானிடவியல் அறிஞர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: ஆஸ்திரேலியாவின் மாபெரும் மௌனம். பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13இல்.

கடைசியாக, கொஞ்சம் சொந்தக் கதை.

எங்கள் அடுத்த வீட்டில் ஒரு வயதான அம்மாள் இருந்தார். மேற்கே ஆட்டுப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் வீட்டுக்கு வந்து இந்தத் தொடரைப் பார்ப்பார். என் மனைவி போடும் இஞ்சி டீக்காகவும்தான். கரோலின் தன் மகளை மகள் என்று சொல்ல முடியாமல் நிற்கும் காட்சி வந்தது. அந்த அம்மாள் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு பையன் இருக்கிறான்" என்றார்.

பத்தொன்பது வயதில், 1955இல், கல்யாணமாகாமல் பெற்றாராம். பிரசவத்தின்போது முகத்துக்கு முன்னால் துணியைத் தொங்கவிட்டார்களாம். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. கையெழுத்து வாங்கினார்கள். ஊருக்குத் திரும்பினார். "சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள்" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா உள்ளூர்க் கட்சியில் பெரிய மனிதர். விஷயம் வெளியே வந்தால் எதிர் ஆள் விடுவானா? இப்படி ஆயிரமாயிரம் பெண்களுக்கு நடந்தது. பிரதமர் ஜூலியா கில்லார்ட் அவர்களிடம் பாராளுமன்றத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 2013 மார்ச் 21. அது நடந்து ஆறு வாரத்துக்குள்தான் இந்தத் தொடர் தொடங்கியது. அந்த அம்மாள் அந்த மன்னிப்பைத் தனியே உட்கார்ந்து டி.வி.யில் பார்த்திருக்கிறார். தன் மற்ற பிள்ளைகளிடம் அதுவரை சொல்லவில்லை. எங்களிடம் சொன்ன பிறகுதான் அவர்களிடம் சொன்னார்.

அன்றைக்கு அவர் என்னைக் கேட்டார். "உங்க குடும்பத்தில் இந்த மாதிரி எதுவும் உண்டா?" நான் சட்டென்று, "இல்லை, எங்க ஊரில் குடும்பம் ரொம்பக் கட்டுப்பாடு" என்றேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொன்னது பொய். எனக்கு ஓர் அத்தை இருந்தார். அப்பாவின் கடைசித் தங்கை. 1968இல், எங்கள் வீட்டில் ஏற்காத ஜாதியைச் சேர்ந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். காய்ச்சலில் செத்துவிட்டாள் என்று எங்களுக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு, சொன்னார்கள். 1970 ஊராட்சித் தேர்தலில் தாத்தா நின்றார். எதிர்த்து நின்றவர் கடைசி நாள் கூட்டத்தில், "வீட்டை ஆளத் தெரியாதவர் ஊரை ஆள வர்றார்" என்றார். ஒரே வாக்கியம். தாத்தா தோற்றார். அன்றைக்குத்தான் அத்தை உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீட்டில் அத்தை பெயரைச் சொன்னால் அடி விழும்.

நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது பாட்டி ரகசியமாக ஒரு முகவரி கொடுத்தார். "பஸ்ஸு அந்த வழியாத்தான் போகும்யா. ஒரு தடவ எறங்கிப் பாத்துட்டு வா" என்றார். மூன்று வருஷம் அதே பஸ்ஸில் வந்தேன். அந்த நிறுத்தத்தில் பஸ் நிற்கும். வேப்பமரத்தடியில் ஓட்டு வீடு. நான் இறங்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார் என்று ஒரு பயம். கூடப் படிக்கும் நண்பர்களுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று இன்னொரு பயம். அந்த நண்பர்கள் இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நண்பர்களே, உங்களை நான் அப்படி நினைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அடுத்த விடுமுறைக்கு வந்தபோது அந்த நிறுத்தத்தில் இறங்கினேன். வேப்பமரம் இருந்தது. அத்தை இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டாராம். அவர் மகள் கதவைத் திறந்தாள். யார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க மாமா, அம்மா உங்க காலேஜ் பஸ்ஸ தெனமும் பாத்துட்டு நிப்பாங்க" என்றாள்.

இதற்கு மேல் நான் நீட்டவில்லை. மாணவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. சரித்திரம் என்றால் மென்சிஸ், எவாட், சட்டம், தேர்தல் என்று பரீட்சைக்குப் படிப்பீர்கள். படியுங்கள், மார்க் வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுப் பாட்டியிடமும் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். யாருடைய பெயரைச் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் உயிரோடு இருந்தால், பஸ் நிற்கிற இடத்தில் இறங்கிப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடு ஆறியிருந்தால் பழி என்மேல்.